ஒட்டுக்கு அருகில் உடையும் உருக்கு

பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833 ஆம் ஆண்டளவில் ஒற்றை வளைவுடன் கூடிய மரப்பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. முற்றிலும் முதிரை மரத்தாலான, சுமார் 205 அடி இடைவெளியைத் தாண்டி நின்ற அப்பாலத்தில் ஓர் ஆணியோ மரையாணியோ பயன்படுத்தப்படவில்லை என்பது அந்நாளில் கண்டிக்கு வந்த பயணிகளை வியக்கவைத்த செய்தியாகும். மரத்தோடு மரம் பொருந்தி நின்று பாரம் சுமந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அப்பாலம் 1905 இல் அகற்றப்பட்டு, அதனிடத்தை உலோகப் பாலம் பிடித்துக்கொண்டது. அக்காலத்து உலோகப் பாலங்களை இணைத்தவை தறையாணிகள். சிவக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செலுத்தி, மறுபுறத்தில் அடித்துத் தலை எழுப்பிவிடுவார்கள். ஆணி சூடாகும், பாலத்தின் தகடு சூடாவதில்லை. இந்தச் சிறு வேறுபாட்டிலேயே இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தறையாணியின் காலம் மறைந்து, பாடநூல்கள் காய்ச்சியிணைத்தல் என்றும் மக்கள் வெல்டிங் என்றும் கூறும் முறை வந்தபோது, முதன்முறையாகத் தகடே உருகத் தொடங்கியது. இன்று கட்டுகஸ்தோட்டை தொடக்கம் அக்குறணை வரையிலும், பேராதனை தொடக்கம் கம்பளை வரையிலும் பிரதான வீதிகளின் மருங்கில் நீலச்சுடர் தெறிக்காத மாலைப்பொழுது அரிது. வீட்டுக் கேற், மாடிப்படிக் கைபிடி, கூரைச் சட்டகம், தண்ணீர்த் தாங்கியின் நிலை, லொறியின் உடல் என யாவும் அச்சுடரிலேயே உருவாகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்துச் சென்ற பின்னர் இவ்வேலைகள் மேலும் பெருகியிருக்கின்றன. இழந்தவற்றை விரைவாகவும் குறைந்த செலவிலும் மீளக் கட்ட விரும்புவோர் வெல்டிங்கையே நாடுவது இயல்பானதே.

ஒட்டு ஒன்று உடைந்துவிட்டால், "வெல்டர் சரியாக ஒட்டவில்லை" என்பதே நம்மவரின் முதற்தீர்ப்பு. அது உண்மையாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆயினும், உடைந்த துண்டைக் கையிலெடுத்து நிதானமாகப் பார்த்தால் பல வேளைகளில் ஒரு விசித்திரம் புலப்படும். ஒட்டிய தடிப்பு முழுதாக அப்படியே இருக்கும். அதன் ஓரமாக, இரண்டொரு மில்லிமீற்றர் தள்ளி, முன்பு எவரும் தொடாததுபோல் தோன்றும் உருக்கிலேயே வெடிப்பு ஓடியிருக்கும். ஒட்டாத இடம் ஏன் உடைந்தது?

கொல்லன் அறிந்த உண்மை

இதற்கான விடையைப் பொறியியல் நூல்களில் தேடுவதற்கு முன்னர் கொல்லன் பட்டறையில் தேடலாம். கத்தி செய்யும் கொல்லன் அதனைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறான். உடனே அது கடினமாகிறது, கூர் நிற்கும். ஆனால் அந்த நிலையிலேயே கீழே விழுந்தால் கண்ணாடிபோல் முறிந்தும் போகும். ஆகவே அதனை மீண்டும் இளஞ்சூட்டில் காட்டிப் பதப்படுத்துகிறான். அதே இரும்பைக் காய்ச்சியபின் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் அது மென்மையாகிவிடுகிறது. இரும்பு ஒன்றுதான், அதனுள் இருக்கும் காபனின் அளவும் மாறவில்லை. மாறியது ஆறிய வேகம் மாத்திரமே. எந்த வேகத்தில் ஆறியதென்பதை உருக்கு தன் உள்ளமைப்பில் பதிந்து வைத்துக்கொள்கிறது.

வெல்டிங்கில் நடப்பதும் இதுவே. மின்வில்லின் வெப்பநிலை பல ஆயிரம் பாகை செல்சியஸ். உருக்கு ஏறத்தாழ 1500 பாகையில் உருகுகிறது. உருகிய குழம்புக்கு அருகே உருகாமல், ஆனால் செந்நிறத்துக்கும் மேலாகச் சூடாகிய ஓர் ஒடுக்கமான பட்டை இருக்கிறது. சுமார் 727 பாகையைத் தாண்டிய இடங்களிலெல்லாம் உருக்கின் பளிங்கமைப்பு மாறத் தொடங்குகிறது; அதுவரை வேறாக இருந்த காபன் இரும்பினுள் கரைகிறது. மின்வில் நகர்ந்து சென்றதும் அப்பட்டை ஆறுகிறது. இது மெதுவாக நடந்தால் காபன் தன் பழைய இடத்துக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும். 800 பாகையிலிருந்து 500 பாகைக்குச் சில விநாடிகளுக்குள் இறங்கிவிட்டால் காபன் இரும்பினுள் சிறைப்பட்டு, மாட்டென்சைற்று எனப்படும் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள அமைப்புத் தோன்றிவிடுகிறது. இதுதான் கொல்லன் தண்ணீரில் தோய்த்த கத்தி. வித்தியாசம் என்னவெனில், கொல்லன் அறிந்து தோய்க்கிறான்; பின்னர் பதப்படுத்துகிறான். வெல்டிங் கடையிலோ இரண்டும் எவரும் அறியாமலே நடக்கின்றன, அல்லது இரண்டாவது நடப்பதேயில்லை.

தண்ணீரில்லாமல் எப்படித் தோய்வது என்ற வினா எழலாம். பக்கத்திலிருக்கும் குளிர்ந்த உருக்கே தண்ணீரின் வேலையைச் செய்கிறது. தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு வேகமாக அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவேதான் மெல்லிய குழாயைச் சாதாரணமாக ஒட்டிவிடும் ஒருவர், அதே மின்னோட்டத்தில், அதே ரொட்டினால் தடித்த தகட்டை ஒட்டும்போது ஆபத்தில் இறங்குகிறார். தடித்த தகட்டின்மீது ரொட்டினால் சும்மா ஒரு தட்டுத் தட்டிச் சுடர் எழுப்பிப் பார்ப்பதுகூட அந்த இடத்தைக் கடினமாக்கிவிடும். தடித்த உருக்கை ஒட்டுவதற்கு முன் அதனைச் சூடேற்ற வேண்டும் எனப் பொறியியலாளர் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. முன்சூடு ஒட்டை நன்றாகப் பிடிக்கவைப்பதற்கன்று, ஆறுவதைத் தாமதப்படுத்துவதற்கு.

அடுத்தது காபனின் அளவு. கேற்றுக்கும் கூரைக்கும் பயன்படும் சாதாரண மென்னுருக்கில் காபன் 0.25 வீதத்தைத் தாண்டுவதில்லை. அதில் மேற்சொன்ன கடினமாதல் பெரிதாக நிகழாது. நம் வெல்டிங் கடைகளின் வேலையிற் பெரும்பகுதி தப்பிப் பிழைப்பது இதனாலேயே. காபனுடன் மங்கனீசு, குரோமியம் முதலியவற்றையும் ஒரு சூத்திரத்தில் சேர்த்து, காபன் சமவலு என்றொரு எண்ணைக் கணிப்பார்கள். அது 0.4 அளவில் இருக்கும்வரை அச்சமில்லை. அதற்கு மேலே செல்லச் செல்ல முன்சூடு இன்றியமையாததாகிறது. லொறிகளின் ஸ்பிரிங் தகடுகளிலோ காபன் மாத்திரமே 0.5 முதல் 0.6 வீதம்வரை இருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் முறிந்த ஸ்பிரிங் தகட்டை ஒட்டிப் பொருத்திக்கொண்டு போகும் லொறி, அடுத்த பயணத்திலேயே ஒட்டுக்கு அருகே மீண்டும் முறிந்து நின்றால் அதில் வியப்படைய எதுவுமில்லை. முறியாதிருந்தால்தான் வியப்பு.

வலிமை கரையும் மறுபக்கம்

வெப்பம் உருக்கைக் கடினமாக்கி உடைப்பது ஒரு பக்கம். ஏற்கெனவே வெப்பத்தின் தந்திரத்தால் வலிமை பெற்ற உருக்கை மென்மையாக்குவது இன்னொரு பக்கம். வீடு கட்டுவோர் யாவரும் அறிந்திருக்க வேண்டியது இந்தப் பக்கமே.

இன்று கொங்கிரீற்றில் இடப்படும் முறுக்குக் கம்பிகள் பெரும்பாலும் தண்ணீரால் வலுவூட்டப்பட்டவை. உருட்டாலையிலிருந்து ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்துடன் வெளிவரும் கம்பி, வேகமாகப் பாயும் நீருக்கூடாகச் செலுத்தப்படுகிறது. அதன் மேற்றோல் கணப்பொழுதில் கடினமாகிறது. உள்ளே எஞ்சிய வெப்பம் மெதுவாக வெளியே பரவி அத்தோலைப் பதப்படுத்துகிறது. கொல்லனின் இரு செயல்களும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகின்றன. வெளியே உறுதி, உள்ளே நெகிழ்ச்சி என்ற இந்த அமைப்பினால்தான் காபன் குறைந்த கம்பியும் அதிக பாரம் தாங்குகிறது. இவ்வாறான கம்பியை ஐந்நூறு, அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கினால் அத்தோல் தன் வலிமையை இழக்கத் தொடங்கும். வளைப்பதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று வாயுச் சுடரால் சிவக்கக் காய்ச்சுவதும், நீளம் போதவில்லையென்று முனையோடு முனை வைத்து ஒட்டுவதும், பணம் கொடுத்து வாங்கிய வலிமையை நெருப்பில் இடுவதற்கு ஒப்பானவை.

கண்டி நகரைச் சூழ்ந்த சரிவுகளில் நிலம் குறைவு. வீடுகள் மேல்நோக்கியே வளர்கின்றன. கீழ்மாடி கட்டிய காலத்தில் தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகள் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்து துருவேறி நிற்க, மகளின் திருமணத்துக்கோ மகனின் குடும்பத்துக்கோ மேல்மாடி கட்டும்போது அவற்றை வெல்டிங் மூலம் நீட்டிவிடும் வழக்கம் உண்டு. புதிய கம்பியைப் பழையதன் பக்கத்தில், கம்பி விட்டத்தின் 40 முதல் 50 மடங்கு நீளத்துக்கு ஒன்றன்மீதொன்று பொருந்துமாறு வைத்துக் கட்டுவதே பொதுவான முறை. 12 மில்லிமீற்றர் கம்பிக்கு இது அரை மீற்றருக்குச் சற்று அதிகம். சரியான நீளம் பொறியியலாளரின் கணக்கைப் பொறுத்தது. விட்டுவைத்த கம்பி அதற்குப் போதாவிட்டால், கொங்கிரீற்றை உடைத்துத் தேவையான நீளத்தை வெளிக்கொணர்வதற்கும், பொறிமுறை இணைப்பிகளைப் பொருத்துவதற்கும் வழியுண்டு. செலவு சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் சரிவில் நிற்கும் இருமாடி வீட்டின் தூணில் அந்தச் செலவைச் சேமிப்பது எத்தகைய சேமிப்பு?

மெல்பேர்ணில் நடந்தது

ஒட்டின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்துக்கு உலகம் கண்ட மிகத் தெளிவான சான்று அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலுள்ள கிங்ஸ் பாலம். 1961 இல் திறக்கப்பட்ட அப்பாலம், 1962 ஜூலை 10 ஆம் திகதி, குளிர்மிகுந்த ஒரு காலைப்பொழுதில், சுமார் 45 தொன் எடையுள்ள வாகனம் ஒன்று கடந்துகொண்டிருந்தபோது தாழ்ந்தது. பாலத்தின் உருக்கு விட்டங்கள் வெடித்துவிட்டன. அந்தப் பகுதி முற்றாக வீழ்ந்துவிடாமல் கீழேயிருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டதால் உயிர்கள் தப்பின.

விசாரணைக்கென அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அங்கு பயன்படுத்தப்பட்டது சாதாரண உருக்கு அன்று. அதனிலும் வலிமை கூடிய, ஆகவே காபனும் மங்கனீசும் கூடிய உருக்கு. விட்டங்களின் கீழ்ப்பக்கத்தில் மேலதிக வலுவுக்காகத் தகடுகள் ஒட்டப்பட்டிருந்தன. அத்தகடுகளின் முனையில் குறுக்காக இடப்பட்ட ஒட்டின் ஓரத்தில், வெப்பம் தீண்டிய ஒடுக்கமான பட்டையில், சிறு வெடிப்புகள் தோன்றியிருந்தன. குளிரும் பாரமும் ஒருங்கே வந்த நாளில் அவை ஓடத் தொடங்கின. வலுவூட்டுவதற்கென்று ஒட்டிய தகடே பாலத்தைப் பலவீனப்படுத்திற்று. அதைவிடக் கவனத்திற்கொள்ள வேண்டிய செய்தி, வெடிப்புகளின் உட்புறத்தில் வர்ணப்பூச்சுக் காணப்பட்டது என்பதாகும். அதாவது, விட்டங்கள் தொழிற்சாலையை விட்டுப் புறப்படுவதற்கு முன்னரே வெடிப்புகள் இருந்தன. அவற்றின்மீது வர்ணம் பூசி அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

வலிமை கூடிய உருக்கு என்றால் எல்லா வகையிலும் மேலானது என்று எண்ணுவது பொதுவான மயக்கம். இழுவைக்கு அது மேலானதுதான். வெல்டிங்குக்கு அது கூடுதல் எச்சரிக்கையை வேண்டி நிற்பது. லொறி, பஸ் ஆகியவற்றின் சேசி சட்டங்களுக்கு இது அப்படியே பொருந்தும். அச்சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் ஒட்டவோ துளையிடவோ கூடாதெனப் பல தயாரிப்பாளர்கள் கைந்நூலில் தெளிவாக எழுதியிருக்கின்றனர். கூடுதல் மண் ஏற்றுவதற்காக டிப்பரின் சேசியை விளிம்போடு தகடு வைத்து ஒட்டிப் பலப்படுத்துவோர் கிங்ஸ் பாலத்தின் கதையையே சிறிய அளவில் திரும்ப எழுதுகிறார்கள்.

ஒட்டு சிறியதென்பதும் ஆறுதல் அன்று. வட கடலில் மிதந்த அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மேடை 1980 மார்ச் 27 ஆம் திகதி கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். அதன் பிரதான தாங்கு குழாய்களில் ஒன்றில் நீரடி ஒலிக்கருவியைப் பொருத்துவதற்காக இடப்பட்டிருந்த, 6 மில்லிமீற்றர் அளவேயான ஒட்டிலிருந்தே முறிவு ஆரம்பித்ததெனக் கண்டறியப்பட்டது. பாரமே சுமக்காத ஒட்டு அது!

மலைநாட்டின் ஈரம்

மெல்பேர்ணின் குளிர் நமக்கில்லை. நமக்கிருப்பது ஈரம். அதுவும் இவ்விடயத்தில் அற்பமானதன்று. வெல்டிங் ரொட்டின்மீது பூசப்பட்டிருக்கும் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்வில்லின் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்து ஐதரசன் உருகிய உலோகத்தினுள் புகுகிறது. உலோகம் ஆறியதும் ஐதரசன் ஓரத்திலிருக்கும் கடினமான பட்டைக்குள் மெல்லப் பரவி, அங்கு ஏற்கெனவே சுருக்கத்தால் உண்டாகியிருக்கும் இழுவிசையுடன் சேர்ந்து வெடிப்பை உண்டாக்குகிறது. இது ஒட்டிய கணத்தில் நிகழ்வதில்லை. சில மணித்தியாலங்களின் பின்னர், சிலவேளை இரண்டொரு நாட்களின் பின்னர் நிகழ்வது. வேலை முடிந்து, கூலி கொடுத்து, எல்லோரும் வீடு சென்றபின், இரவின் அமைதியில் உருக்கு வெடிக்கிறது.

தடித்த, வலிமையான உருக்குக்கெனத் தனியாகத் தயாரிக்கப்படும் ஐதரசன் குறைந்த ரொட்டுகள் விற்பனையில் உள்ளன. இவற்றை முந்நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அடுப்பிலிட்டு உலர்த்தி, சூடாகவே வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். மலைநாட்டு மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து பட்டறை மூலையில் வாரக்கணக்கில் வைத்திருந்த ரொட்டுக்கு அதன் பெயரில் உள்ள குணம் எஞ்சியிருக்காது. வெயிலில் காயவைப்பதால் இக்குறை நீங்குவதில்லை.

வெல்டர்களைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. நீலச்சுடரின் முன் கண்ணைப் பணயம் வைத்து உழைக்கும் அவர்களில் பலர் குருவிடம் நின்று கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்கள். அவர்கள் இடும் ஒட்டின் ஒழுங்கு சிலவேளை சித்திரம்போல் இருக்கும். கைக்குத் தெரியும் திறமை வேறு, கண்ணுக்குத் தெரியாத உலோக மாற்றம் வேறு என்பதுதான் சிக்கல். தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் முறை வெல்டிங் தொழிலுக்கும் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்கள் முன்னனுபவத்தை நிரூபித்து அதனைப் பெறவும் வழியுண்டு. ஆனால் வீடு கட்டுபவர் அச்சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்காதவரை அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. சரிவில் வீடு கட்ட வேண்டுமாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்க்கிறது. உள்ளூராட்சி சபை வரைபடத்தைப் பார்க்கிறது. மூன்றாம் மாடியில் ஒரு தொன் எடையுள்ள ஆயிரம் லீற்றர் தண்ணீரைச் சுமந்து நிற்கும் நிலையின் ஒட்டுகளைப் பார்ப்பது யாருடைய பொறுப்பு என்பதற்கு வழமையில் விடையில்லை. பேராதனையில் பொறியியற் பீடம் 1964 முதல் இயங்கிவருகிறது. அதன் ஆய்வுகூடத்துக்கும் நமது வீதியோர வெல்டிங் கடைகளுக்கும் இடையிலான தூரம் சில கிலோமீற்றர்களே. அத்தூரத்தைக் கடக்கக் குறுகிய கால வாரஇறுதி வகுப்புகள் போதும்; அவற்றைத் தமிழிலும் நடத்த வேண்டும்.

2025 வெள்ளம் பேராதனையில் மகாவலிக்கு மேலாகச் செல்லும் ரயில் பாலத்தையும் சேதப்படுத்தியது. இதுபோன்ற பழைய பாலங்களைத் திருத்தும்போது ஏன் சட்டென்று ஒட்டிவிடுவதில்லை எனப் பலரும் கேட்கின்றனர். நூறாண்டு பழைமையான உருக்கில் கந்தகம், பொசுபரசு, நைதரசன் ஆகியவற்றின் அளவு இன்றைய உருக்கிலும் பார்க்கக் கூடுதலாக இருப்பது வழக்கம். தறையாணிக்கென வார்க்கப்பட்ட அவ்வுலோகம் மின்வில்லின் வெப்பத்தைச் சகிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பரிசோதிக்காமல் ஒட்டுவதைவிட மரையாணிகளால் இணைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

அதே அனர்த்தத்தின் பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நாட்டின் பல இடங்களில் பொருத்தப்பட்ட பெய்லி பாலங்களும் இவ்வகையில் நோக்கத்தக்கவை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இப்பாலத்தின் ஒவ்வொரு சட்டகமும் பத்தடி நீளமானது. தொழிற்சாலையில், உலர்ந்த இடத்தில், மேற்பார்வையுடன் ஒட்டப்படுவது. ஆற்றங்கரையில் ஒட்டுவேலை எதுவுமில்லை. சட்டகங்களை ஊசிபோன்ற உருளைகளைச் செருகியே இணைக்கிறார்கள். மழையும் அவசரமும் நிறைந்த இடத்துக்கு நெருப்பைக் கொண்டுசெல்லக்கூடாது என்பதைப் போர்முனைப் பொறியியலாளர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

வீட்டு வேலைக்கு வெல்டரை அழைப்பவர் உலோகவியல் கற்கத் தேவையில்லை. இது எந்த வகை உருக்கு, எவ்வளவு தடிப்பு, ரொட் உலர்ந்ததா என்ற மூன்றையும் வேலை தொடங்குமுன் விசாரிக்கலாம். சூடான ஒட்டின்மீது வாளித் தண்ணீர் ஊற்றி ஆற்ற முற்பட்டால் தடுத்து நிறுத்தலாம். பாரம் சுமக்கும் ஒட்டாயின் அன்றே வர்ணம் பூச விடாமல் இரண்டு நாட்கள் பொறுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒட்டின் நடுவையன்று, இருபுறத்து ஓரங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முடியிழை போன்ற கோடு ஏதும் தெரிந்தால் அதன்மேல் இன்னொரு ஒட்டுப் போடாமல், கிரைண்டரால் முழுவதும் அகற்றியபின் புதிதாக ஒட்டச் சொல்ல வேண்டும்.